பாங்குக்குக் காதைப் பொத்தும் பிள்ளை

எங்கள் வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு சந்துதான். மினாராவின் ஒலிபெருக்கி எங்கள் மாடியைப் பார்த்தபடி இருந்தது. மோதினார் பாங்கு சொல்லத் தொடங்கியதும், ஐந்து வயதாகும் என் மகன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து கொள்வான். விருந்துக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "பாங்குச் சத்தம் கேட்டால் ஓடுகிறவன் யாரென்று ஆலிம்சாவுக்கு நாம் சொல்லவா வேண்டும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சோறு எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்த பிள்ளையின் தாய் அன்று சாப்பிடவில்லை.

பாங்கொலி கேட்டு ஷைத்தான் விரண்டோடுகிறான் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஸஹீஹான ஹதீஸ். நூஹ் (அலை) அவர்களுடைய சமூகத்தார் சத்தியத்தைக் கேட்க மறுத்துக் காதுகளில் விரல்களை வைத்துக் கொண்டதை அருள்மறையும் எடுத்துரைக்கிறது. ஆனால் வெளிச் செயலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதானால், ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லும்போது இரு காதுகளிலும் விரல்களை வைத்திருந்ததாகத் திர்மிதியில் வருகிறதே, அதற்கு என்ன சொல்வோம்? எங்கள் மோதினாரும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். இந்தப் பிள்ளையோ, நான் மடியில் வைத்து மெல்லிய குரலில் பாங்கு சொன்னால், ஒரு வார்த்தை பிசகாமல் உடன் சொல்கிறான். அவன் அஞ்சுவது பாங்கையல்ல, ஒலியை.

செவிப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. சில பிள்ளைகளின் மூளை ஓசையையும், தொடுதலையும், வாசனையையும், வெளிச்சத்தையும் பிறரைவிடப் பன்மடங்கு மிகையாக ஏற்கிறது என்று டாக்டர் விளக்கினார். அமெரிக்கரான ஜீன் ஏர்ஸ் என்ற அம்மையார் 1972-லேயே இது பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆட்டிஸம் உள்ள பிள்ளைகளிடம் இது மிகுதி. அது இல்லாதவர்களிடமும் உண்டு. குக்கர் விசில், மிக்ஸி, சாம்பிராணிப் புகை, சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துண்டுத் துணி, இவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. அவனை முள்ளாய்க் குத்துகின்றன.

இதையெல்லாம் அறியுமுன் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நோன்புப் பெருநாள் காலையில் கஞ்சி போட்ட புது ஜிப்பாவை அவனுக்கு மாட்டினேன். கழுத்தைப் பிறாண்டிக் கழற்றி எறிந்தான். மீண்டும் மாட்டினேன். மூன்றாம் முறை கன்னத்தில் அடித்து, அழ அழத் தூக்கிக்கொண்டு தொழுகைத் திடலுக்குப் போனேன். சுன்னத்தான புத்தாடையை மறுக்கிறான் என்று மனதிற்குள் நியாயமும் கற்பித்துக் கொண்டேன்.

சில மாதம் கழித்து மத்ரஸாவில் புகாரி பாடம் நடத்தும்போது அந்த ஹதீஸ் வந்தது. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சித்திரமிட்ட போர்வையொன்றை அணிந்து தொழுதார்கள். அதன் சித்திரம் கவனத்தை இழுத்தது. தொழுது முடித்ததும் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள சித்திரமற்ற தடித்த துணியை வாங்கி வரச் சொன்னார்கள். அவர் மனம் நோகக் கூடாதென்றே மாற்றுத் துணி கேட்டார்கள் என விரிவுரையாளர்கள் எழுதுவார்கள். எத்தனையோ முறை ஓதிய ஹதீஸ். அன்று மேலே விளக்க எனக்கு நா எழவில்லை.

உணவிலும் இப்படித்தான். பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தாரின் பூமியில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக் கொண்டார்கள். காலித் (ரலி) அவர்கள் எதிரிலேயே சாப்பிட்டார்கள், தடுக்கவில்லை. அதன் சட்டத்தில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு, அது இங்கே வேண்டாம். மனம் ஒப்பாததை மெல்ல வலியச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். குழகுழவென்ற வெண்டைக்காயைப் பிள்ளை துப்பினால் வாயைப் பிளந்து ஊட்டுகிறோமே!

"எல்லாவற்றுக்கும் விட்டுக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப் போகாதா?" என்று என் தாயார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிடிவாதக்காரப் பிள்ளை கேட்டது கிடைத்ததும் சிரிக்கும். இவனுக்குக் கிடைப்பதற்கு ஒன்றுமில்லை. சத்தம் நின்ற பிறகும் வெளிறிப் போய் உட்கார்ந்திருப்பான். அதே சமயம் அக்காவை அடித்தால் விடுவதில்லை. பல் துலக்காமல் இருக்கவும் விடுவதில்லை. மிருதுவான பிரஷ் தேடி வாங்கினோம், அவ்வளவே.

ஆனால் அந்த அக்காவின் கேள்விக்குத்தான் எனக்கு விடை முழுதாகத் தெரியவில்லை. சுபுஹுக்குப் பின் சத்தமாகப் பாடம் ஓதிய பிள்ளையை இப்போது மொட்டை மாடிக்கு அனுப்புகிறோம். "அவனுக்காக நான்தானே அத்தா எழுந்து போக வேண்டியிருக்கிறது?" என்கிறாள். பிள்ளைகளிடையே நீதமாய் நடக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சியும் மற்றவனுக்குச் சோறும் கொடுப்பது நீதம் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒத்துக் கொண்டாள். எனினும் மாடியில் வெயில் ஏறுகிறது என்பதும் உண்மைதானே! வாரத்தில் மூன்று நாள் அவள் கூடத்தில் ஓத, நான் அவனைக் கடைத்தெருப் பக்கம் கூட்டிப் போகிறேன்.

ஒலிபெருக்கி விஷயத்தை ஜமாஅத்தில் கேட்கவே எனக்குக் கூச்சம். ஒரு குழந்தையின் அழுகுரலுக்காக, தாயின் பதற்றத்தை எண்ணி, ஜமாஅத் தொழுகை முழுவதையுமே சுருக்கிய நாயகத்தின் உம்மத் நாம் என்ற துணிவில் கேட்டேன். மறுபேச்சில்லை. எங்கள் பக்கத்துக் குழாயைக் கடைத்தெருவை நோக்கித் திருப்பி வைத்தார்கள்.

இப்போது அஸருக்கு மட்டும் அவனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். கிராஅத் சத்தமில்லாத நேரம். கடைசி ஸஃப்பில், தூணோரம், பலமுறை துவைத்து நைந்த பழைய சட்டையில் நிற்பான். சென்ற வாரம் பக்கத்தில் ஒருவர் பலமாகத் தும்மினார். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காதை மட்டும் என் விலாவில் அழுத்தியபடி நின்றான்.