அருங்காட்சியகத்தில் திருமேனி: கலை மெய்யியற் கல்வி நோக்கில் ஒரு வினா

வடோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1952இல் அருங்காட்சியகவியல் துறையைத் தொடங்கியது. 1989இல் தில்லியில் அமைந்த தேசிய அருங்காட்சியக நிறுவனம் கலை வரலாறு, பாதுகாப்பியல், அருங்காட்சியகவியல் ஆகிய மூன்றையும் முதுகலை நிலையில் ஓரிடத்தில் இணைத்தது. மெய்யியல் அம்மூன்றனுள் ஒன்றன்று. இதனைச் சிறு குறையாகக் கருதவியலாது.

தில்லி தேசிய அருங்காட்சியகத்துச் சோழர்கால நடராசர் செப்புத்திருமேனியைச் சான்றாகக் கொள்வோம். கோயிலில் இத்தகைய திருமேனி பட்டாலும் மாலையாலும் மூடப்பெற்றிருக்கும். முழுவடிவம் பெரும்பாலும் திருமஞ்சனப் பொழுதிலேயே புலனாகும். காட்சிக்கூடமோ அணிகளைந்த வடிவை நாள்முழுதும் நிறுத்துகிறது. வடிவழகை நாம் நுணுகிக் கற்றது இதனாலேயே என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், பயன்கருதா இன்பமே அழகுணர்வு என 1790இல் காண்ட் வகுத்த கோட்பாடு இங்குப் பீடமும் ஒளியமைப்புமாக உருப்பெற்றுவிடுகிறது; அதனைத் தேர்ந்தவர் யார் என்பதை எவரும் வினவுவதில்லை. உலோகம், காலம், ஊர் என மூன்று வரியில் முடியும் பெயர்ப்பலகையும் நடுநிலையானதன்று. வழிபடுபொருளைக் காண்பொருளாக்கும் தீர்ப்பு அது.

அத்தீர்ப்பு இறுதியானதுமன்று. பத்தூர் நடராசர் வழக்கில், கோயிலே வழக்காடத் தகுதியுடையது என இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொண்டது. எனவே, இவ்விரு துறைகளையும் இணைத்துக் கற்கும் முதுகலை மாணவரிடம் காண்ட் குறித்த கட்டுரையை மட்டும் கேட்பது போதாது. அத்திருமேனிக்கு நாற்பது சொல்லில் ஒரு பெயர்ப்பலகை எழுதச்செய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் கேட்டல் வேண்டும்.