பட்டாளத்தை விட்டவர் எதை விட்டார்?

சீடன்: சாமி, 2022 மே 15 அன்று நம் தேவசகாயத்தோடு சார்லஸ் தெ ஃபுக்கோவும் புனிதராக்கப்பட்டார். பிரெஞ்சுப் படை அதிகாரியாக இருந்தவர். 1890இல் டிராப்பிஸ்ட் மடத்தில் சேர்ந்தார். எல்லாரும் அதிசயப்படுகிறார்கள். எனக்கென்னவோ இப்படிப் போகிறவர்கள் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. அங்கே சீருடை, இங்கே அங்கி. அங்கே பியூகிள், இங்கே மணி. மேலிடம் சொன்னால் இரண்டு இடத்திலும் மறுபேச்சில்லை. ஆணையிடுகிறவர் மாறினார், ஆள் மாறினாரா?

குரு: கண்மாய்த் தண்ணீர் எந்த மடையில் வந்தாலும் அதே தண்ணீர்தான். கீழ்ப்படிதலும் அப்படி. எந்த வயலுக்குப் பாய்கிறது என்று பார்.

சீடன்: போரில் கொன்றிருந்தால்?

குரு: பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. அடுத்தது.

சீடன்: வீட்டில் அழுகிற தாய்?

குரு: அதை அந்தத் தாயிடம்தான் கேட்கவேண்டும். உன் முதல் கேள்விக்கு வா. 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த இஞ்ஞாசியார், மறு ஆண்டு மொன்செராத் மாதா பீடத்தில் வாளை வைத்தார். பட்டாள ஒழுங்கை வைக்கவில்லை. அதை 1540இல் அங்கீகாரம் பெற்ற தம் சேசு சபைக்குள்ளேயே கொண்டுவந்தார். அவருடைய ஆன்மப் பயிற்சிகளில் இரண்டு கொடிகள் என்றொரு தியானம் உண்டு. தலைவன், கொடி, படை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் போர்க்களம், தியானிக்கிறவனுடைய மனசு. பட்டாளத்துக்கு வெளியே ஓர் எதிரி வேண்டும். சண்டையில்லாத நாளிலும் அவனை நினைத்துத்தான் பயிற்சி. மடத்துக்கு அந்த எதிரி ஆகாது. விடவேண்டியது அவனைத்தான். புது மடையைத் திறந்தால் மட்டும் போதாது, பழைய வாய்க்காலை அடைக்கவும் வேண்டும்.

சீடன்: சாமி, நான் கேட்டது...

குரு: இரு. நம் மதுரைக்கே வருகிறேன். கொன்சாலோ பெர்னாண்டஸ் போர்த்துக்கீசியப் படைவீரராக இருந்து சேசு சபைக்கு வந்தவர். முத்துக்குளித்துறையிலிருந்து இங்கே வந்துபோன பரதவக் கிறிஸ்தவர்களுக்காக 1595இல் மதுரையில் பணி தொடங்கினார். 1606இல் இளையவர் நொபிலி வந்தார். அதே சபை, அதே வார்த்தைப்பாடு. ஆனால் நொபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், தனி வீட்டில் இருந்தார். கிழவருக்கு அவர் முகாம் மாறிய ஆளாகத் தெரிந்தார். மேலிடத்துக்குக் குற்றச்சாட்டு போயிற்று. 1616இல் பிராமணச் சடங்குகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார் பெர்னாண்டஸ். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் பழைய வயலுக்கே ஓடியது. வாளை விட்டவர் எதிரியை விடவில்லை. வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், மனந்திரும்பியவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.