தெர்மாமீட்டர் இல்லாத வெப்பம்

புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிகள் சிலவற்றில் வெப்பநிலை உணரி தனியாகக் கிடையாது. சூடேற்றும் உலோகமே அந்த வேலையையும் பார்க்கிறது. நிக்கல் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.6 சதவீதம் கூடும். அதை அளந்து கருவியின் மின்னணுச் சில்லு வெப்பத்தைக் கணிக்கிறது. உறிஞ்சும் காற்று உலோகத்தைக் குளிர்விப்பதால், உறிஞ்சுவதையும் அதே தடை காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் கருவி வெப்பத்தை அறிகிறதா, ஊகிக்கிறதா?

மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதை நியாய மரபு அனுமானம் என்றது. மணிமேகலையின் தருக்கப் பகுதியிலும் இந்த எடுத்துக்காட்டு வருகிறது. (புகையே கூடாதென்ற கருவிக்கு இது பொருந்துவது வேடிக்கைதான்.) அனுமானத்தின் உயிர் வியாப்தி, அதாவது இரண்டின் பிரியாத உறவு. நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியக் கலவையில் தடைக்கும் வெப்பத்துக்குமான அந்த உறவு பலவீனமானது: சூடேறினாலும் தடை அதிகம் மாறாது.

பாகங்களைக் குறைப்பவர்கள் 14ஆம் நூற்றாண்டுத் துறவி ஓக்காமின் வில்லியமைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அவர் தேவையற்றதைத்தான் தவிர்க்கச் சொன்னார். இணைப்பு தளர்ந்து தடை கூடினால், சூடேறாத கம்பியையும் சூடானதென்று சில்லு நம்பிவிடும். மறுத்துச் சொல்ல இரண்டாவது சாட்சி இல்லை.