துயருற்றவரைப் பேணுதல் எவர் கடன்?

பகவான் புத்தர் ஒருகால் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைச் சுற்றி வருகையில், வயிற்றுக்கடுப்பால் தம் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்ட வரலாற்றை வாசகர் அறிவர். அப்பிக்கு பிறர்க்கு யாதும் உதவாதவர். ஆதலின் அவரையும் எவரும் பேணவில்லை. பகவான் நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டிய பகவான், தாயும் தந்தையும் அருகில் இல்லாத பிக்குகள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறெவர் பேணுவர் என்று வினவினார்.

அவர்களோ தாமே வீட்டைத் துறந்தவர்கள். வீட்டாரால் துறக்கப்பட்டவர்க்கு யார் உளர்?

தன்பாலீர்ப்பு உடையோரும் திருநங்கையரும் திருநம்பியரும் பலவிடத்து அந்நிலையில் உள்ளனர். அவர்கள் தாமே கூடித் திருவனந்தபுரத்தில் அமைத்த க்வியரிதம் என்னும் அமைப்பு, மனம் நொந்தோர்க்குத் தொலைபேசி வழியே துணை நின்று வந்துள்ளது. அதற்கு நெடுநாள் முன்பே, பெண்ணைக் காதலித்த பெண்கள் உயிர் மாய்த்துக்கொண்ட செய்திகள் கேரளத்தில் அடுத்தடுத்து வந்த காலத்தில், 2002ஆம் ஆண்டில், சகயாத்ரிகா என்ற அமைப்புத் தோன்றிற்று. உடன் வழிநடப்பவள் என்பது அச்சொல்லின் பொருள். நல்ல பெயரே இட்டனர்.

மருத்துவர் இருக்க இவர்கள் எதற்கு என்று கேட்போர் உண்டு. கொடிய மனச்சோர்வுக்கு மருத்துவம் வேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் அம்மருத்துவத்தின் வாயிலே பலர்க்குச் சிறைவாயில் ஆயிற்று. தன்பாலீர்ப்பு நோயன்று என உலகச் சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. எனினும், சிகிச்சை என்ற பெயரால் தம்மை அடைத்து வைத்து மருந்து புகட்டினர் என்று கூறிய கேரள மாணவி ஒருவர் 2020ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். 'மாற்றும் சிகிச்சை' செய்வது தொழில்முறைக் குற்றம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் உரைத்தது 2022ஆம் ஆண்டிலேதான். பிறப்பையே குறையெனச் சொல்லி, நீ மாறு என்று ஏவும் குரலை நம்மில் முதியோர் நன்கறிவர். அக்குரலைக் கேட்டு வளர்ந்தவர் தம்மைப்போன்ற ஒருவரிடம் பேசுங்கால், தாம் நோயாளி அல்லர் என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. பாதிச் சுமை அப்பொழுதே இறங்கிவிடுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. "அவர்களை அவர்களே பார்த்துக்கொள்கின்றனர், நன்று" எனப் பாராட்டி நாம் விலகிக்கொள்ளலாகுமா? கேட்பவர்க்கும் அதே காயம் உண்டு. அவரும் வாடகை வீடு கிடைக்காது அலைந்தவராயிருக்கலாம், தாயின் குரலைக் கேட்டுப் பல்லாண்டு ஆனவராயிருக்கலாம். நள்ளிரவில் பிறர் துயரைக் கேட்டபின் அவர் தம் துயரை எவரிடம் இறக்கி வைப்பது? அன்று நோயுற்ற பிக்குவை இன்னொரு நோயாளியிடம் ஒப்படைத்துப் பகவான் அப்பாற் செல்லவில்லை. நீர் வார்த்தவரும் கழுவியவரும் நோயற்றவர்களே. வினவப்பெற்றதோ சங்கம் முழுதும்.

அறியாதவர் எங்ஙனம் பேணுவது எனின், 2021ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லலாம். மதுரையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த இளம்பெண்கள் இருவரின் வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிவில்லை என வெளிப்படையாக உரைத்தார். உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடங்கேட்டு, அதன் பின்னரே தீர்ப்புரைத்தார். மகனோ மகளோ தயங்கித் தயங்கி வாய் திறக்கும் வேளையில், நம் இல்லத்து மூத்தோர் எத்தனை பேர் அங்ஙனம் அமர்ந்திருக்கின்றனர்?