வலையை விட்டவர், பந்தியை விட்டு எழுந்தவர்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கடலுக்குப் போகாத நாளிலும் வேலை ஓயாது. வலையை விரித்துப் போட்டு, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வலைமேல் எவ்வளவு கடன் இருக்கிறது, அதை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்பதை அறிந்தவருக்கே, கலிலேயாவில் சீமோனும் அந்திரேயாவும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனதன் கனம் விளங்கும்.

அதே சீமோன் பேதுரு பிற்பாடு அந்தியோக்கியாவில் சறுக்கினார். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தவர், எருசலேமிலிருந்து சொந்த ஆட்கள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அதை மறைக்காமல் சொல்லியும் இருக்கிறார். பிழைப்பையே துறந்தவரால் ‘நம்மவர்கள் என்ன நினைப்பார்களோ’ என்ற பயத்தைத் துறக்க முடியவில்லை. சீடராவது எப்படி என்று கேட்கும் தமிழ்க் கிறித்தவர்கள் வலையை விட்ட கதையைவிடப் பந்தியை விட்டு எழுந்த கதையைத்தான் அதிகம் படிக்க வேண்டும்.

புதுச்சேரியிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். தேவாலயத்துக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. சேரி மக்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடமே நியாயம் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால், ஆண்டவர் பார்க்காத பேதத்தை நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள்? பாதிரியாரால் மறுக்க முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. அன்று சுவிசேஷத்தைச் சரியாக வாசித்தவர்கள் சுவருக்கு அந்தப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள்தான்.

சுவரைக் கட்டவிட்ட குருமார்களுக்கும் ஒரு வாதம் இருந்தது, அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி முதல் பலரும், ஊர் வழக்கத்தோடு ஒரேயடியாக மோதினால் மந்தையே சிதறிவிடும், மனம் மெல்ல மெல்லத்தான் மாறும் என்று நம்பினார்கள். மனித மனத்தை அறிந்தவர்கள் சொல்லும் பேச்சுதான் இது. ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தது யார்? சேரிக் குடிசைக்குள் போய்ச் சாகக் கிடப்பவருக்குத் திருவருட்சாதனம் தர வேண்டும் என்று, திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704இல் இதே புதுச்சேரியிலிருந்து ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. காத்திருக்கச் சொன்னவர்கள் உள்ளே இருந்தார்கள். காத்திருந்தவர் குடிசையில் செத்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் தலையில் கட்டிய பொறுமையைச் சிலுவை சுமப்பது என்று சொல்ல முடியாது.

இது பழங்கதையும் இல்லை. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே நற்கருணையை வாங்கும் ஊர் அது. சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் பிரிந்து கிடக்கும் கல்லறைகளையும் தனித்தனியாகப் போகும் சவ ஊர்வலங்களையும் ஒன்றாக்க இன்னொரு ஆவணம் தேவையில்லை. பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் கூடி எடுக்கும் முடிவு போதும். அதனால் சிலர் கோயிலுக்கு வராமல் போகலாம். வலையை விடச் சொன்னபோதும் எல்லாரும் பின்னே வந்துவிடவில்லை.