ஏற்றும் மண்ணுக்கும் கணக்கு உண்டு

திருக்கடையூர் வட்டாரத்து உழவர்களே, லாரி வைத்திருப்பவர்களே, மண் வேலை ஒப்பந்தம் எடுப்பவர்களே, ஓட்டுநர் தம்பிகளே! உங்கள் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தித்தான் பேசுகிறேன். பழி வந்தால் அது ஒருவரோடு நிற்காது.

நாள் குறைவாக இருக்கிறது. அணையில் நீர் இருந்தால் ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வருவதற்குள் குளத்தைத் தூர்வார வேண்டும், வண்டலை வயலில் கொட்ட வேண்டும், தொழு உரத்தை இறக்க வேண்டும். இந்த அவசரத்தில்தான் தார்ப்பாய் மடித்தபடியே கிடக்கிறது. இந்த அவசரத்தில்தான் பின்கதவுக் கொக்கி பாதி மாட்டியபடி போகிறது. இந்த அவசரத்தில்தான் விளிம்புக்கு மேல் இன்னும் ஒரு பக்கெட் மண்ணை ஜேசிபி அள்ளி வைக்கிறது.

எந்த ஊர்ச் சாலையில் வண்டி ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அறுபது நிறைந்தவர்களும் எண்பது கண்டவர்களும் பிள்ளைகள், பேரப் பிள்ளைகளோடு வந்து, அமிர்தகடேசுவரரிடமும் அபிராமியிடமும் ஆயுள் கேட்டுப் போகிற ஊர் இது. அவர்கள் திரும்பும் சாலையும் நம் டிப்பர் ஓடும் சாலையும் ஒன்றே. சந்நிதியில் கிடைத்த ஆயுளைச் சாலையில் பறிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

மார்க்கண்டேயனுக்காகக் காலனை இறைவன் உதைத்த கதையை எல்லோரும் சொல்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை மறந்துவிடுகிறோம். காலன் வீழ்ந்ததும் சாவே இல்லாமல் போயிற்று. பாரம் தாங்காத பூமாதேவி இறைவனிடம் முறையிட்டாள். அதன் பிறகே காலன் மீண்டும் எழுந்தான் என்கிறது தலபுராணம். பூமிக்கே தாங்கும் அளவு ஒன்று உண்டு என்று சொன்ன தலத்தில் இருந்துகொண்டு, லாரிக்கு அளவில்லை என்று நினைக்கிறோமே!

அந்த அளவை அறிந்துகொள்ளுங்கள். ஒரு யூனிட் மண் என்பது 100 கன அடி. காய்ந்து உதிர்ந்த மண்ணாக இருந்தால் அது நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவாக வரும். குளத்தடியில் நீர் குடித்த களியாக இருந்தால் ஐந்து டன்னைத் தொடும். மூன்று யூனிட் ஏற்றினால் ஏறக்குறைய நான்கு டன் பாரம் கண்ணுக்குத் தெரியாமலே கூடிவிடுகிறது. கண் பார்ப்பது பாடியின் விளிம்பை. அச்சும் டயரும் பிரேக்கும் சுமப்பது எடையை. பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன் என்று 2018இல் உயர்த்தப்பட்ட வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு கூடை மண் ஏற்றவும் நமக்கு உரிமை கிடையாது. உரம் இலேசு என்று கூம்பாகக் குவிப்பவர்களே, மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது உங்களுக்கும் சேர்த்துத்தான். குவித்த உரம் வளைவில் வண்டியைச் சாய்க்கும்; காற்றில் பறந்து பின்னால் வருபவர் கண்ணை மறைக்கும்.

யார் இதற்குப் பொறுப்பு? நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. அது சுமார் 26 யூனிட். மூன்று யூனிட் வண்டிக்கு ஒன்பது நடை. அதை ஆறு நடையில் முடித்துக் கொடு என்று கேட்பவர் யார்? நாம்தான். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஓட்டுநரைத் தூக்கம் இல்லாமல் விரட்டுபவர் யார்? நாம்தான். இருட்டில் வரும் வண்டியைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் போகும் ஊர்க்காரர் யார்? அவரும் நாம்தான்.

அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்தப் பணத்தைக் கட்டித் தீர்க்கலாம். பள்ளிக்கூடம் போன பிள்ளை வீடு திரும்பாவிட்டால் எதைக் கட்டித் தீர்ப்பீர்கள்?

சாலையில் சிந்திய களியின் மேல் நான்கு தூறல் விழுந்தால் எண்ணெய் கொட்டிய தரைபோல் ஆகிவிடும். பைக்கில் வருபவர் அங்கே விழுவார். ஏற்றியவர் அதற்குள் அடுத்த நடைக்குப் போயிருப்பார். அவர் பார்க்கவில்லை என்பதால் பாவம் இல்லை என்று ஆகிவிடாது.

வயலில் இறக்கும்போதும் விழிப்பாக இருங்கள். வாய்க்கால் கரை நடக்கத் தாங்கும், லோடு வண்டியைத் தாங்காது, ஓரம் கட்டாதீர்கள். சாய்ந்த தரையில் பாடியைத் தூக்காதீர்கள். ஈரக்களி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் சரிந்தால் வண்டியே புரளும். ஒட்டிய மண் விழட்டும் என்று பிரேக் அடித்துக் குலுக்காதீர்கள். மேலே பாருங்கள்: நம் வயல்களின் குறுக்கே மின்கம்பிகள் தொய்ந்து போகின்றன. தூக்கிய பாடியோடு ஓரடியும் நகராதீர்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழி சொல்லட்டும். லோடின் மேல் ஆளை ஏற்றாதீர்கள், கூலிக்காரரானாலும், சொந்தத் தம்பியானாலும்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். சீசன் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஆகும் வரைக்கும் எவருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

உழவர்களே, ஒன்பது நடைக்கும் உரிய காசைக் கொடுங்கள்; ஒன்பது நடையாகவே கேளுங்கள். உரிமையாளர்களே, நடைக்கூலியை விட்டு நாள்கூலி கொடுங்கள்; எடைமேடைச் சீட்டு இல்லாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். தம்பிகளே, தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டாமல் சாவியைத் திருகாதீர்கள். ஏற்றச் சொல்பவர் முதலாளியானாலும், அளவு மீறினால் முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக உங்கள் பிழைப்பு போனால், ஊர் உங்கள் பக்கம் நிற்கட்டும். ஊராட்சிகளே, குளம் வெட்டும் இடத்திலேயே இந்த நிபந்தனைகளை வையுங்கள். மீறுகிற வண்டிக்கு மறுநடை கிடையாது என்று அறிவியுங்கள். தண்ணீர் வருவதற்குள் இதைச் செய்யுங்கள். அடுத்த லோடு ஏறுவதற்குள் செய்யுங்கள்.