காட்டுக்குப் போவதும் முதியோர் இல்லத்தில் சேர்வதும்

முதுமையில் வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போவது முறைதானா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக உள்ளன. பெற்றவர்களை வெளியே அனுப்புவது பாவம் என்பது ஒன்று. இல்லறக் கடமை முடிந்தவர் காட்டுக்குப் போவதாகப் பழைய நூல்கள் சொன்ன வானப்பிரஸ்தம்தான் இன்று இந்த உருவில் வந்திருக்கிறது என்பது மற்றொன்று. கோயம்புத்தூரைச் சுற்றி எழுந்துள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகளைப் பற்றிய பேச்சில் இரண்டாவது பதில் அடிக்கடி தலைகாட்டும். மூன்று வேளைச் சாப்பாடும் மணி அடித்தால் ஓடிவரும் செவிலியரும் உள்ள இடத்தைக் காடு என்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆனாலும் அந்த ஒப்பீட்டைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அதை உரசிப் பார்க்கக் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஏற்ற இடம். அதன் வடகிழக்கே, தென்பெண்ணைக் கரையில், வாழ்க்கையிலிருந்து விலகுவதைப் பற்றிய பழைய தமிழ்க் கதை ஒன்று இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலையில் காடே வீடாக இருக்கிறது.

மனு நூலின் ஆறாம் அத்தியாயம் இல்லறத்தான் காட்டுக்குப் புறப்படும் காலத்தை வயதைக் கொண்டு சொல்லவில்லை. தோல் சுருங்க வேண்டும், தலை நரைக்க வேண்டும், பேரப்பிள்ளையின் முகம் பார்த்திருக்க வேண்டும். மனைவியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போகலாம், கூடவே அழைத்தும் போகலாம். அவள் விருப்பம் என்ன என்று நூல் கேட்கவில்லை; இன்றும் கணவர் முடிவெடுக்க மனைவி பெட்டி கட்டுவது அரிதன்று. பலரும் கவனிக்காத பகுதி இதற்கு அடுத்து வருகிறது. காட்டுக்குப் போனவரின் கடமை அங்கே முடிவதில்லை. அவர் அங்கும் வேள்வி வளர்க்க வேண்டும். குடில் தேடி வந்தவருக்குக் கிழங்கோ கனியோ கொடுத்து உபசரிக்க வேண்டும். அதாவது, வானப்பிரஸ்தன் பிறர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவன் அல்லன், கொடுப்பவன். முதியோர் இல்லத்தில் சேர்ந்தவருக்கோ பல இடங்களில் சமையலறைக்குள் போக அனுமதி இருக்காது. பார்க்க வந்தவருக்கு ஒரு வாய் காபி கொடுக்க வேண்டுமென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும். ஒப்பீடு உடைவது இங்கேதான். வசதி கூடிவிட்டது என்பதைவிட இது பெரிய வேறுபாடு.

தொல்காப்பியம் சொல்லும் இல்லற முதுமையில் காடு வரவில்லை. கற்பியலின் இறுதிப் பகுதியில் உள்ள ஒரு நூற்பா, இன்ப வாழ்க்கை நிறைந்த பிறகு தலைவனும் தலைவியும் மேலான நெறியில் பழகுவதைப் பேசுகிறது. அப்போதும் பிள்ளைகளும் சுற்றத்தாரும் அவர்களுடனேயே இருக்கிறார்கள். குர்ஆனின் 17ஆம் அத்தியாயமும் பெற்றோர் பிள்ளையிடத்தில் முதுமை அடைவதையே எடுத்துக்கொள்கிறது. அவர்களிடம் சலித்துக்கொள்ளும் ஒரு சொல்கூட வாயில் வரக்கூடாது என்பது அங்கே கட்டளை. ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சிடுசிடுக்கும் மகன் இந்தக் கட்டளையை மீறியவனே. கூரை ஒன்றாக இருப்பது மட்டும் அவனைக் காப்பாற்றாது.

தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூரில் நிற்பது சங்கப் புலவர் கபிலரின் கதை. தன் நண்பனான வள்ளல் பாரி மாண்ட பிறகு அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் குறுநில மன்னர்களான விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போனார். இருவரும் மணக்க மறுத்தார்கள். பெண்களைப் பார்ப்பனரிடம் அடைக்கலமாக விட்டுவிட்டு அவர் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர் துறந்தார் என்பது புறநானூற்றுக் குறிப்புகளின் வழி வரும் செய்தி. வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. ஆற்றில் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று ஊரார் காட்டுகிறார்கள். முடிவு எப்படி நேர்ந்தது என்பதில் குறிப்பும் கல்வெட்டும் மாறுபடுகின்றன, வரிசையில் மாறவில்லை. முதலில் பெண்களுக்கு ஒரு வழி, அதற்குப் பிறகே தன் வழி. அவரைப் போலவே வடக்கிருந்த சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன் கதையில் மகன்களோடு மூண்ட பகை முன்னால் நிற்கிறது. இன்றைய பேச்சில் சொன்னால், பிள்ளைகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறிய தகப்பன். ஆனால் அவன் தனியாக உட்காரவில்லை. அதுவரை நேரில் பார்த்திராத நண்பரான புலவர் பிசிராந்தையார் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

கல்வராயன் மலையில் ஏறினால் கேள்வியே தலைகீழாகிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை இது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மலையேற்றம் துறவன்று, குடியேற்றம். முதியோர் இல்லங்கள் பெரும்பாலும் சமவெளியில், ஊர்களையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டி இருக்கின்றன. ஆகவே மலைக்காரர் இல்லத்தில் சேர்வதென்றால் காட்டை விட்டு இறங்க வேண்டும். மலையில் வீட்டை விட்டுப் போகிறவர்களும் முதியவர்கள் அல்லர், வெளி மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் வேலைக்குப் போகும் இளையவர்கள். பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆடு பார்த்து, சாமை புடைத்து, கடுக்காய் பொறுக்கி வாழ்கிற கிழவி, வானப்பிரஸ்தனைப் போலவே கொடுக்கும் கை உடையவள். மாதாமாதம் ஓஏபி எனப்படும் முதியோர் ஓய்வூதியப் பணம் வந்தால் அதிலும் பேரனுக்கு ஒரு பங்கு போகும். அவளைச் சமவெளிக்கு அழைத்து வந்தால் வேளைக்குச் சோறும் மாத்திரையும் கிடைக்கும். அது சிறிய லாபமன்று. முழங்கால் ஓய்ந்தவருக்கு 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வந்து போவதே பெரும்பாடு. ஆனால் கரியராமர் கோயில் திருவிழாவும் பங்காளிகளின் சாவும் வாழ்வும் மேலேயே நடக்கும். அவள் கீழே இருப்பாள்.

மலைக்கும் சமவெளிக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சட்டமும் காட்டுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கத் தீர்ப்பாயத்தை அமைத்தது. மாவட்டத்துக்கு ஒன்றிலிருந்து தொடங்கி, ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அதன் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. சமவெளியில் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவருக்கு இது உயிர்க்கயிறு. மலையில் வன உரிமைச் சட்டம், 2006இன்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகுமே தவிர, விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். எழுதிக் கொடுத்து ஏமாற அதில் இடமில்லை. வானப்பிரஸ்தத்துக்கு முன் நடக்க வேண்டிய சொத்து ஒப்படைப்பும் ஆயுள் முடியும்வரை அங்கே நடப்பதில்லை.

தாமாக இடம் தேடுகிறவர், குறைந்தது சமவெளியில், மேற்சொன்னவை எழுப்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: பொறுப்புகள் முடிந்தனவா, போவது யாருடைய முடிவு, போன இடத்தில் கையால் கொடுக்க ஏதாவது இருக்குமா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் வேலை செய்ய விடுவார்களா, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்து போவார்களா என்பவை கட்டணத்துக்கும் கழிப்பறைக் கைப்பிடிக்கும் பிறகாவது விசாரிக்க வேண்டியவை. சேர்க்கைப் படிவத்தில், காப்பாளர் கையெழுத்துக்கு அருகே, இறந்தால் உடலை யாரிடம் ஒப்படைப்பது என்றும் சில இடங்களில் எழுதச் சொல்வார்கள். மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்று நம்புகிறவருக்கு அந்த ஒரு வரியை நிரப்புவதுதான் வீடு மாறுவதிலேயே கடினமான காரியம்.

நினைவு தவறியவரிடம் இந்தக் கேள்விகள் எதுவும் செல்லாது. மனுவின் இல்லறத்தான், கபிலர், கோப்பெருஞ்சோழன் எல்லோரும் தெளிந்த புத்தியோடு புறப்பட்டவர்கள். தன் மகளையே யாரென்று கேட்கும் தாயை இல்லத்தில் சேர்ப்பதற்கு வானப்பிரஸ்தம் என்று பெயர் வைப்பது பொய். அது பிள்ளைகள் எடுக்கும் முடிவு. இரவில் எழுந்து வெளியே நடந்துவிடுகிறவரைக் காக்க ஆளில்லாத வீட்டில், அது சரியான முடிவாகவும் இருக்கலாம். அதைத் தாயின் துறவாக அல்லாமல் பிள்ளையின் கடமையாகவே எடை போட வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சேர்க்கிறது. அவற்றைப் பிள்ளையின் வீட்டுக் கூரையின் கீழேதான் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை.